பார்வைப் புலப் பரிசோதனை: பாட்டி கண்ணை அசைக்கவே இல்லை, ஆனாலும் நிலைப்பார்வை இழப்பு அதிகமாக வருகிறது. உதவி தேவை

கேட்டவர்: செங்காங் கண்மணி

வணக்கம். கண் பரிசோதனைத் தொழில்நுட்பராகப் பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. கண் அழுத்தம் பார்ப்பது, விழித்திரையை அடுக்கடுக்காகக் காட்டும் ஓசிடி படம் எடுப்பது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டன. பார்வைப் புலத்தை, அதாவது நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்பதை, அளக்கும் ஹம்ஃப்ரி கருவிதான் பாடாய்ப் படுத்துகிறது.

பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கிளாக்கோமா நோய்ச் சந்தேகத்தில் 71 வயதுப் பாட்டி ஒருவர் 24-2 என்ற பார்வைப் புலப் பரிசோதனைக்கு வந்தார். வலது கண்ணில் நிலைப்பார்வை இழப்பு, அதாவது கண் நடுவிலிருந்து விலகியதாகக் கருவி எண்ணியது, 14-க்கு 9. பக்கத்தில் இரண்டு பெருக்கல் குறிகள். வீணாகப் பொத்தானை அழுத்தியது 2 விழுக்காடுதான். திரும்ப எடுத்தேன், 15-க்கு 8. "நோயாளி ஒத்துழைக்கவில்லை என்று எழுது" என்றார் மேற்பார்வையாளர். எழுதிவிட்டேன், மனம் ஒப்பவில்லை. திரையில் அவருடைய கண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆணி அடித்தது போல நின்றது. முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதாவது தவறு செய்துவிட்டேனா, அம்மா?" என்று கேட்டார்.

வியாழக்கிழமை மறுபடி வருகிறார். நான் எங்கே கோட்டை விட்டேன்?

பழைய தாதி

தங்கைக்கு வணக்கம். மனம் ஒப்பவில்லை என்றீர்களே, அது சரியான உணர்வு. அந்த எண் கண் அசைந்ததை நேரடியாக அளப்பதில்லை. ஹெய்ல், கிராகாவ் ஆகிய இருவர் பெயரால் வழங்கும் முறை அது. தொடக்கத்தில் கருவி குருட்டுப் புள்ளியை, அதாவது எல்லாருடைய கண்ணிலும் இயல்பாகவே ஒளி தெரியாத சிறு இடத்தை, தேடிக் குறித்துக்கொள்ளும். நடுவிலிருந்து காதுப் பக்கமாக ஏறக்குறைய 15 பாகை தள்ளி இருக்கும் இடம். பிறகு அவ்வப்போது அங்கே ஒரு விளக்கைக் காட்டும். நோயாளி பொத்தானை அழுத்தினால் கண் விலகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் பெருக்கல் குறிகள்.

கருவி முதலில் குறித்த இடமே பிழை என்றால்? தலை சற்றுச் சாய்ந்திருந்தால்கூடப் போதும். தொடக்கத்திலேயே இழப்பு ஏறினால் நிறுத்தி, முகவாயையும் நெற்றியையும் சரிசெய்து, குருட்டுப் புள்ளியை மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். அறிக்கையின் அடியில் கண் அசைவுக் கோடு சமமாக இருக்கிறதா?

தேக்காவாசி

இடது கண்ணை எதால் மூடினீர்கள்? கண்ணாடி அளவு என்ன?

செங்காங் கண்மணி

கோடு தட்டையாகத்தான் இருக்கிறது, அக்கா. குருட்டுப் புள்ளியை இரண்டாம் முறை மறுபடி குறித்தேன், பயன் இல்லை. மூடியது ரப்பர் பட்டையுள்ள கறுப்பு மூடி. கிட்டப்பார்வை, மைனஸ் 9.

தேக்காவாசி

அந்த மூடியைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். மூக்கோரத்தில் இடைவெளி விட்டால் வலப்பக்கத்து விளக்கு அதன் வழியே இடது கண்ணுக்குத் தெரியும். வலது கண்ணின் குருட்டுப் புள்ளி இருப்பதும் அந்தப் பக்கம்தானே! பாட்டி பார்த்தார், நேர்மையாக அழுத்தினார். இதில் பெரிய ஆபத்து வேறு: வலது கண் தவறவிடும் விளக்குகளையும் இடது கண் பார்த்துச் சொல்லிவிடும். உண்மையான சேதம் அறிக்கையில் மறைந்துபோகும். மூடியை மாட்டிய பின் கைப்பேசி விளக்கால் மூக்கோரத்தை ஒருமுறை பாருங்கள்.

மைனஸ் 9 என்பதால் இன்னொன்று. சிங்கப்பூரில் இவ்வளவு கிட்டப்பார்வையோடு தினமும் யாராவது வருவார்கள். விளக்குகள் தோன்றும் கிண்ணம் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கிறது. இந்த வயதில் கிட்டத்துக்கான கூடுதல் லென்ஸ் சக்தி 3.25 டயாப்டர் வரை வேண்டும். தூரப்பார்வை அளவையும் பிறந்த தேதியையும் சரியாகக் கொடுத்தால் கருவியே கணக்கிடும். மெல்லிய விளிம்புள்ள லென்ஸைக் கண்ணுக்கு அருகில், இமைமுடி தொடாதபடி வையுங்கள். விலகி இருந்தால் விளிம்பின் நிழல் புல இழப்பு போலவே அச்சாகும்.

பழைய தாதி

மூடியை நான் யோசிக்கவில்லை, நல்ல கேள்வி. ஒன்று சேர்க்கிறேன். பாட்டியிடம் தமிழில் முன்கூட்டியே சொல்லுங்கள்: "நடுவில் உள்ள மஞ்சள் விளக்கை மட்டும் பாருங்கள். மற்ற விளக்குகளில் ஏறக்குறைய பாதி உங்களுக்குத் தெரியாது, கருவி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. கண் கொட்டலாம். களைத்தால் பொத்தானை அழுத்திப் பிடியுங்கள், பரிசோதனை நிற்கும்." தெரியாத விளக்குகளால் கலங்கி, தன்னைக் குற்றவாளியாக நினைத்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நீங்களே ஒருமுறை அந்தக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து உட்காருங்கள்.

செங்காங் கண்மணி

வியாழக்கிழமை முடிந்து எழுதுகிறேன். மூடிதான்! விளக்கு அடித்துப் பார்த்தபோது மூக்கோரத்தில் அரிசி நுழையும் அளவுக்கு இடைவெளி. பஞ்சுத் துணியை மடித்து வைத்து, தோலை இழுக்காத காகித ஒட்டுப்பட்டையால் சுற்றிலும் ஒட்டினேன். இழப்பு 14-க்கு 1. மேற்பார்வையாளரிடம் இரண்டு அறிக்கைகளையும் காட்டினேன். பழைய குறிப்பை அவரே அடித்து, "மூடி சரியில்லை, மறுபரிசோதனை செய்யப்பட்டது" என்று எழுதினார். பாட்டியிடமும் சொல்லிவிட்டேன், தவறு அவருடையது இல்லை என்று.