நியூ ஆர்லியன்ஸில் 'எக்ஸ்' மண்டல வீடு: வெள்ள இன்சூரன்ஸ் தேவையில்லை என்கிறார்கள், நம்பலாமா?

புதுவீடு தேடி:

வணக்கம். கணவருக்கு வேலை மாற்றலாகி நியூ ஆர்லியன்ஸ் வருகிறோம். லேக்வியூ பகுதியில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். 1950களில் கட்டியது, தரையோடு ஒட்டிய கான்கிரீட் ஸ்லாப், உள்ளே எல்லாம் புதுசாகப் போட்டிருக்கிறார்கள். வெள்ள வரைபடத்தில் 'எக்ஸ்' மண்டலம், அதாவது வெள்ள ஆபத்து குறைந்த பகுதி, என்று வருகிறது. ஏஜென்ட் சொல்கிறார்: "எக்ஸ் என்றால் வங்கியே வெள்ள இன்சூரன்ஸ் கேட்காது, அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்." 2005 கத்ரீனா புயலுக்குப் பிறகு கரைகளையெல்லாம் பலப்படுத்திவிட்டார்களாம். கணவர் ஏற்கெனவே மனதுக்குள் குடியேறிவிட்டார், எனக்குத்தான் உறுத்துகிறது. கூடவே மாமியாரும் வருகிறார். 76 வயது, மூட்டுவலி, படி ஏற முடியாது. அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பழைய லேக்வியூக்காரன்:

உங்களுக்கு உறுத்துவது சரிதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005-ல் அதே லேக்வியூவில் வாடகைக்கு இருந்தேன். மழைத்தண்ணீரை ஏரிக்குக் கொண்டுபோகும் 17-ஆம் தெருக் கால்வாய் நடக்கிற தூரம். ஆகஸ்ட் 27 சனிக்கிழமை இரவு கிளம்பினோம். மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்று மூன்று செட் துணி. ஹூஸ்டனுக்கு வழக்கமாக ஆறு மணி நேரம், அன்றைக்குப் பதினைந்து ஆனது. 29 திங்கள் காலை புயல் கரையைக் கடந்தது. ஊர் தப்பித்துவிட்டது என்றுதான் முதலில் டி.வி.யில் பேச்சு. அப்புறம்தான் கால்வாய்ச் சுவர் உடைந்த படம் வந்தது. எங்கள் தெருவைக் கூரைகளை வைத்துத்தான் அடையாளம் கண்டுபிடித்தேன்.

கடல் கரையைத் தாண்டி உள்ளே கொட்டியது என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் பக்கம் அப்படியில்லை. தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அடியில் இருந்த மண் இளகி, சுவர் அப்படியே நகர்ந்துவிட்டது. வடிவமைப்பில் தப்பு இருந்ததைக் கட்டிய தரப்பே 2006-ல் ஒப்புக்கொண்டது. பாண்ட்சர்ட்ரெயின் ஏரி அந்த உடைப்பு வழியாக உள்ளே வந்து, ஏரி மட்டமும் ஊர் மட்டமும் ஒன்றாகும்வரை ஏறியது. ஊரில் 80 சதவீதம் முழுகியதற்குக் காரணம் காற்றைவிட இந்த உடைப்புகள்தான்.

ஊரின் அமைப்பே கிண்ணம் மாதிரி. மிசிசிப்பி தன் வண்டலைப் போட்டு உயர்த்திய ஆற்றோரம்தான் மேடு. பிரெஞ்சு குவார்ட்டர் பெரும்பாலும் தப்பித்தது அதனால்தான். அங்கிருந்து ஏரிப் பக்கம் போகப் போகப் பள்ளம். லேக்வியூ இருக்கும் இடம் ஒருகாலத்தில் சதுப்பு. வடித்து வீடு கட்டினார்கள், வடிக்க வடிக்க மண் இறங்கிக்கொண்டே போனது. இப்போது உள்ளே விழும் மழைத்தண்ணீரை பம்பு வைத்து மேலே தூக்கித்தான் வெளியேற்ற வேண்டும்.

உங்கள் ஏஜென்ட் சொல்லாமல் விட்டது இதைத்தான். 2016-ல் வந்த புது வரைபடத்தில் ஊரின் பெரும்பகுதி ஆபத்து மண்டலத்திலிருந்து வெளியே வந்தது. நிலம் உயர்ந்துவிடவில்லை, கரை உயர்ந்தது, அவ்வளவுதான். அடுத்த வருஷமே, 2017 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, புயலே இல்லாமல் ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் மழையில் தெருவெல்லாம் தண்ணீர். பம்புகள் பல அன்றைக்கு ஓடவில்லை. லேக்வியூவிலும் நின்றது.

கத்ரீனா கதைக்கே திரும்புகிறேன். 2005 அக்டோபர் முதல் வாரம், வீட்டைப் பார்த்துவிட்டு வர மட்டும் உள்ளே விட்டார்கள். கதவு ஊறிப்போய்த் திறக்கவில்லை, ஜன்னல் வழியாகத்தான் நுழைந்தேன். பிரிட்ஜ் மிதந்துபோய் சமையலறை வாசலில் மல்லாந்து கிடந்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் வாங்கிய மீன் உள்ளே. சுவரில் பழுப்புக் கோடு, என் தலைக்கு மேலே. அதற்கும் மேலே, தண்ணீர் தொடாத இடத்தில், கடிகாரம் சரியான நேரம் காட்டிக்கொண்டு இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது, ஏனென்று கேட்காதீர்கள்.

வாசல் சுவரில் மீட்புக் குழு ஸ்ப்ரே பெயின்டில் பெரிய எக்ஸ் போட்டிருந்தது. மேல் கட்டத்தில் தேதி, இடப்பக்கம் குழுவின் பெயர், கீழ்க் கட்டத்தில் உள்ளே கிடைத்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு. எங்களுக்கு சைபர். பக்கத்து வீட்டில் ஒரு வயதான தம்பதி இருந்தார்கள். 1965 பெட்ஸி புயலுக்கே இங்கே தண்ணீர் வரவில்லை என்று சொல்லித் தங்கிவிட்டார்கள். அந்தக் கதவில் இருந்தது சைபர் இல்லை.

என் வாடகைதாரர் பாலிசியில் வெள்ளம் சேராது என்று ஒரே வரியில் கடிதம் வந்தது. சாதாரண வீட்டு இன்சூரன்ஸும் அப்படித்தான், காற்று கூரையைப் பிய்த்தால் ஒரு கணக்கு, தண்ணீர் தரையிலிருந்து ஏறினால் வேறு கணக்கு. வெள்ளத்துக்குத் தனியாகத்தான் வாங்க வேண்டும். கூட்டாட்சி அரசின் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2.5 லட்சம் டாலர், சாமான்களுக்கு 1 லட்சம். சாமான்களுக்குத் தனியாகக் கேட்டு வாங்குங்கள், பலர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஹூஸ்டன்வாசி:

மேலே சொன்னதற்கு நானே சாட்சி. எங்கள் வீடும் எக்ஸ்தான். 2017 ஹார்வி புயலில் இங்கே சில இடங்களில் நாலைந்து நாளில் 40 அங்குலத்துக்கு மேல் கொட்டியது. நாங்கள் கடலிலிருந்து எவ்வளவோ தள்ளி இருக்கிறோம், ஒரு அணைக்குப் பின்னால், தண்ணீர் தேங்கும் பக்கம். தண்ணீர் ஆர்ப்பாட்டமாக வரவில்லை. ராத்திரி எழுந்து காலை வைத்தால் கம்பளம் சதக் என்றது, அவ்வளவுதான். அரை அடி தண்ணீருக்கு நாலு அடி உயரம் சுவர்ப் பலகையை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை.

இன்னொன்று. அந்த அரசு பாலிசி சாதாரணமாக வாங்கி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். புயல் பெயர் டி.வி.யில் வந்த பிறகு போன் போட்டுப் பயனில்லை. கடனோடு சேர்த்து, பத்திரம் முடிக்கும்போதே எடுத்தால் அந்தக் காத்திருப்பு கிடையாது. உங்களுக்கு அந்த வாய்ப்பு இப்போது இருக்கிறது.

ராத்திரி ஷிப்ட்:

ரொம்பப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைக்கிறேன். நான் பத்து வருஷமாக இங்கேதான் நர்ஸாக இருக்கிறேன். கத்ரீனாவுக்குப் பிறகு 1,400 கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டிய கரைகளும் தடுப்புகளும் 2021 ஐடா புயலில் தாங்கின. அதுவும் ஆகஸ்ட் 29-ஆம் தேதியே, நாலாம் வகைப் புயல். ஊருக்கு வந்த எட்டு மின்தடங்களும் போயின. வீட்டுக்குள் தண்ணீர் இல்லை, கரண்டும் இல்லை, ஒரு வாரத்துக்கு மேல். அப்புறம் இறந்தவர்களில் பலர் வயதானவர்கள், புழுக்கத்தில். ஜெனரேட்டரை வீட்டை ஒட்டி ஓட்டி, புகையில் மாட்டியவர்களும் உண்டு.

அதனால் வீடு எதுவானாலும், உங்கள் மாமியாருக்குத்தான் முதலில் திட்டம் போட வேண்டும். மருந்து, எங்கே போவது, யார் வண்டி. "பார்த்துக்கொண்டு போகலாம்" என்பது முட்டி நன்றாக இருக்கிறவர்களுக்கு.

பழைய லேக்வியூக்காரன்:

நர்ஸம்மா சொல்வது நியாயம், ஐடாவை நான் மறந்துவிட்டேன். இங்கே பழைய ஆட்கள் பரணில் ஒரு கோடாலி வைத்திருப்பார்கள். தண்ணீர் ஏறினால் மேலே போய்க் கூரையை உடைத்து வெளியே வர. பெட்ஸியில் பரணில் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்த பழக்கம் அது. படி ஏற முடியாதவருக்குக் கோடாலி எதற்கு? முதல் ஆளாகக் கிளம்பிவிடுங்கள்.

வீட்டைப் பொறுத்தவரை, தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து கொடுக்கும் உயரச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். 2005-ல் எவ்வளவு தண்ணீர், 2017-ல் எவ்வளவு என்று ஏஜென்டிடம் கேட்காதீர்கள், எதிர்வீட்டில் கேளுங்கள். என்னைக் கேட்டால் தூண் வைத்து உயர்த்திய வீடுதான் வாங்குவேன். மாமியாருக்குப் படி கஷ்டம் என்றால் சரிவுப் பாதை போட்டுக்கொள்ளலாம்.

புதுவீடு தேடி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மறுபடி போனோம். எதிர்வீட்டில் ஒரு பெரியவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். 2017 பற்றிக் கேட்டேன், வாசற்படியைக் காட்டினார். 2005 பற்றிக் கேட்டேன். ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, கையை முழுசாக உயர்த்தி, "இன்னும் மேலே" என்றார். கணவர் திரும்பி வரும் வழி முழுக்கப் பேசவில்லை. இன்று காலை அவரே தூண் வைத்த வீடுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறார். சரிவுப் பாதைக்கு எத்தனை அடி நீளம் விட வேண்டும், யாருக்காவது தெரியுமா?