மறு: மறு: "லிஃப்ட்" என்பதற்குத் தமிழ் (நாய் ஆட்டைத் தூக்குவதில்லை)

வரியெழுத்தன், திங்கள் காலை:

குழுவினருக்கு வணக்கம். வேல்ஸில் நடக்கும் மேய்ப்பு நாய்ப் போட்டியைப் பற்றிய ஆவணப்படத்துக்குத் தமிழ் வசன வரி தயாராகிறது. வியாழன் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். வரிக்கு 36 எழுத்துதான், அடிக்குறிப்புக்கு இடமே கிடையாது. அவுட்ரன், லிஃப்ட், ஃபெட்ச், டிரைவ், ஷெட், பென் என்று ஆறு கட்டம். மற்றவற்றை எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம், லிஃப்ட்தான் இடிக்கிறது. முதல் வரைவில் "அருமையான தூக்கல், பத்துக்கு ஒன்பது" என்று இருக்கிறது.

எளியதமிழ், திங்கள் காலை:

"ஆட்டைத் தூக்கிட்டான்" என்றால் எங்கள் ஊரில் அடுத்த வரி போலீஸ் ஸ்டேஷனில். மாற்றுங்கள்.

வேர்ச்சொல், திங்கள் மதியம்:

இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? எழு, எழுப்பு, எழுப்பல். முடிந்தது.

எளியதமிழ், திங்கள் மதியம்:

ஆடு தூங்கவில்லையே ஐயா, எழுப்ப?

மலைமேய்ச்சல், திங்கள் இரவு:

சொல்லைத் தேடுமுன் களத்தில் நடப்பதைப் பார்த்துவிடுவோம். நாயை நடத்துபவர் கம்பத்தருகே நிற்கிறார். ஐந்து ஆடுகள் ஏறத்தாழ 400 கெஜத்துக்கு அப்பால் மேய்ந்துகொண்டிருக்கின்றன. நாய் பேரிக்காய் வடிவில் அகன்று வளைந்தோடி அவற்றின் பின்னால் போய்ச் சேர்கிறது. இது அவுட்ரன், 20 மதிப்பெண். நடத்துபவர் கடிகாரத்தின் ஆறு மணியில் நிற்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாய் பன்னிரண்டில் வந்து நிற்க வேண்டும். அங்கே வேகத்தை அடக்கி, ஓர் எட்டு முன்வைக்கிறது. ஆடுகள் தலை நிமிர்ந்து பார்க்கின்றன, திரும்புகின்றன, நடத்துபவரை நோக்கி நேராக நடக்கத் தொடங்குகின்றன. அந்தச் சில நொடிகள்தான் லிஃப்ட். அதற்கு 10.

பத்தே மதிப்பெண்தான், ஆனால் இது கெட்டால் பின்னால் வருவதும் கெடும். இடப்பக்கமாகப் போன நாய் பத்து மணியிலேயே நின்று உள்ளே வந்தால், ஆடுகள் நாலு மணிப் பக்கம் சாய்ந்துவிடும். பிறகு ஃபெட்ச், அதாவது ஆடுகளை நடத்துபவரிடம் கொண்டுவருவது, முழுவதும் கோணலை நிமிர்த்துவதே வேலை. பாய்ந்து வந்தாலோ ஆடுகள் மிரண்டு ஓடும். அப்படிக் கிளம்பியவை பாதி வழியிலுள்ள 7 கெஜ வாயிலைத் தாண்டி வெளியே போகும். தவறிய வாயிலுக்கு மறுமுயற்சி கிடையாது. நாய் நெருங்கவே தயங்கினால் விசில் மேல் விசில் கொடுக்க வேண்டிவரும், அதற்கும் மதிப்பெண் போகும்.

கட்டளைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "கம் பை" என்றால் வலஞ்சுழி, "அவே" என்றால் இடஞ்சுழி. வரியில் "வலம் போ" என்று போட்டுவிடாதீர்கள். வலஞ்சுழியாகச் சுற்ற நாய் நடத்துபவரின் இடப்பக்கமாகத்தான் புறப்படும். வரி வலம் என்னும், நாய் இடப்பக்கம் ஓடும். கட்டளைகளை அப்படியே ஒலிபெயர்த்துவிடுங்கள்.

கிடைக்காரன், செவ்வாய் காலை:

மலைமேய்ச்சல் ஐயா, தேடுகிற சொல் உங்கள் மடலிலேயே கிடக்கிறது. "அப்படிக் கிளம்பியவை" என்று எழுதியிருக்கிறீர்கள். விடிந்ததும் கிடையில் "ஆட்டைக் கிளப்பு" என்பதுதான் பேச்சு. ஆடு கிளம்பும், நாய் கிளப்பும். கிளப்பல்.

வேர்ச்சொல், செவ்வாய் மதியம்:

இலக்கணம் சரி. திரும்பு-திருப்பு, நிரம்பு-நிரப்பு போலக் கிளம்பு-கிளப்பு. மெல்லினம் வல்லினமாகித் தன்வினை பிறவினையாகிறது. ஆனால் எழு-எழுப்பு மட்டும் என்ன குறைந்தது? கிளர், கிளர்ச்சி, கிளை, கிளம்பு எல்லாம் ஒரே அடியில் முளைத்தவை, மேலெழுதல் என்பதே மூலக் கருத்து. ஆக நீங்களும் சுற்றிச் சுற்றி எழுதலுக்கே வருகிறீர்கள். கிளவி என்பதும் வாயிலிருந்து கிளர்வதே என்று கொண்டால்...

எளியதமிழ், செவ்வாய் மதியம்:

கிளவியை விட்டுவிடுங்கள் ஐயா, கெஞ்சிக் கேட்கிறேன். கிளப்பலில் எனக்கும் ஒரு சங்கடம் உண்டு. "கிளப்பிட்டான்" என்றால் இன்றைக்குப் பையன்களுக்கு அசத்திவிட்டான் என்று பொருள். புரளியையும் கிளப்புகிறோம்.

மலைமேய்ச்சல், செவ்வாய் இரவு:

ஒரு சோதனை வைப்போம். சர்வதேச இறுதிச் சுற்றில் டபுள் லிஃப்ட் உண்டு. நாய் முதல் பத்து ஆட்டைக் களத்தின் நடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "லுக் பேக்" கேட்டதும் திரும்பிப் போய், வேறொரு மூலையில் நிற்கும் இன்னொரு பத்தைக் கொண்டுவர வேண்டும். இரட்டைத் தூக்கல், இரட்டை எழுப்பல், இரட்டைக் கிளப்பல். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மூன்றாவதில்தான் ஆடு நகர்கிறது.

அதே சுற்றில் ஷெட்டும் கடினம். 40 கெஜ விட்டமுள்ள வளையத்துக்குள் இருபது ஆடுகளில் கழுத்துப்பட்டை இல்லாத பதினைந்தையும் கழித்துவிட்டு, பட்டையுள்ள ஐந்தை மட்டும் நிறுத்த வேண்டும். நடத்துபவர் இடைவெளியை உண்டாக்குவார், கூப்பிட்டதும் நாய் அதன் வழியாக உள்ளே புக வேண்டும். இடைவெளி அகலமாகும்வரை காத்திருந்தால் ஆடுகள் மறுபடி ஒன்றுகூடிவிடும்.

கிடைக்காரன், புதன் காலை:

ஊடே புகுந்து அறுப்பதால் "ஊடறுப்பு" என்னலாமா?

வன்னிக்காடு, புதன் காலை:

அண்ணை, ஊடறுப்பு எண்டால் எங்கட ஆக்களுக்குச் சண்டைச் செய்திதான் ஞாபகம் வரும். "பிரிப்பு" எண்டு போட்டால் போதாதோ?

எளியதமிழ், புதன் காலை:

பிரிப்பு போதும். பென் என்பதற்குப் பட்டி இருக்கிறது, பட்டியடைப்பு. டிரைவ், அதாவது ஆடுகளை நடத்துபவரிடமிருந்து அப்பால் ஓட்டிப்போவது, "பத்துதல்". மாடு பத்திக்கொண்டு போவது எல்லாருக்கும் தெரியும்.

வேர்ச்சொல், புதன் மதியம்:

"பத்துதல், பத்துக்கு எட்டு" என்று வரி வந்தால்?

வரியெழுத்தன், புதன் மதியம்:

டிரைவுக்கு 30 மதிப்பெண் ஐயா, "பத்துதல், 30-க்கு 24" என்றுதான் வரும். இருந்தாலும் குழப்பம்தான், "ஓட்டல்" என்று வைக்கிறேன். ஓட்டலும் சாப்பாட்டுக் கடைதான் என்று யாரும் தொடங்க வேண்டாம். நடத்துபவருக்கு "ஆயர்" சரியா?

வன்னிக்காடு, புதன் மதியம்:

ஆயர் எண்டால் பிஷப். "ஆயர் நாயோடு களமிறங்கினார்" எண்டு போட்டால் மறைமாவட்டத்திலயிருந்து கடிதம் வரும்.

கிடைக்காரன், புதன் மாலை:

நடத்துநரும் பஸ்ஸில் போய்விட்டார். "நாய்க்காரர்" மரியாதைக் குறைவு. "நடத்துபவர்" நீளம், ஆனால் ஆபத்தில்லை. இதில் இன்னொன்று கவனிக்க வேண்டும். நம் கிடைநாய் காவலுக்கு. ஆட்டை மடக்குவதும் ஓட்டுவதும் ஆளின் வேலை. அதனால் கோலி இன மேய்ப்பு நாயின் "ஐ" (கண்), அதாவது தாழப் பதுங்கி ஆட்டையே முறைத்து அசையவிடாமல் வைப்பது, அதற்கு இங்கே ஆயத்தச் சொல் இருக்காது. கண்கட்டு என்றால் வித்தையாகிவிடும். "பார்வைப் பிடி"?

மலைமேய்ச்சல், புதன் இரவு:

பார்வைப் பிடி நன்றாக இருக்கிறது. அந்தப் பிடி மிகுந்த நாய் லிஃப்டில் உறைந்து நின்றுவிடும், அடுத்த எட்டு வைக்காது. படத்தில் அப்படி ஒரு காட்சி இருந்தால் "பிடி இறுகிவிட்டது" என்று போடலாம்.

தலைப்பில் "போட்டி" இருக்கட்டும். பந்தயம் வேண்டாம், ரேக்ளாவும் பணம் கட்டுவதும் நினைவுக்கு வரும். 1873 அக்டோபர் 9 அன்று வேல்ஸின் பாலாவில் நடந்ததிலிருந்து இது போட்டிதான். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரின் ட்வீட் என்ற நாய் அன்று வென்றது. ஆனால் மனநிலை வேறு. காலையில் மேல்முனையில் ஆடுகளைப் பிடித்து நிறுத்தி உதவுபவர் மதியம் தாமே களமிறங்குவார். தன் ஓட்டம் முடிந்தவர் புள்ளி குறிக்கவோ, ஆடுகளை வெளியேற்றும் பட்டிக்கோ போய் நிற்பார். வேலியோரம் தேநீரோடு ஓயாமல் ஓடும் விமர்சனம், பிரிப்பு தொடங்கியதும் தானாக அடங்கும். புதியவர் பட்டிக் கதவின் 6 அடிக் கயிற்றைக் கைநழுவ விட்டால், அதை எப்படிப் பிடிப்பதென்று சொல்லித்தருபவர் பெரும்பாலும் அடுத்த ஓட்டத்தில் அவருடைய எதிராளிதான்.

வேர்ச்சொல், வியாழன் காலை:

விசிலை மறந்துவிட்டீர்கள். அகநானூற்றில் இடையனின் "மடிவிடு வீளை" கேட்டு ஆட்டுக்குட்டியைப் பார்த்திருந்த குறுநரி வெருளும். மடித்து விடும் சீழ்க்கை. வேல்ஸ் மேய்ப்பரின் விசில் எப்படி இருக்கும்? தகட்டை இரண்டாக மடித்து நடுவில் துளையிட்டு, நாக்கின் மேல் வைத்து ஊதுவது. மடி என்பது நாவா, விரலா, தகடா என்று நாம்...

கிடைக்காரன், வியாழன் காலை:

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் தகடு ஏது ஐயா?

வரியெழுத்தன், வியாழன் மதியம்:

கோப்பு போகிறது: வளையோட்டம், கிளப்பல், கொணர்தல், ஓட்டல், பிரிப்பு, பட்டியடைப்பு. கிளப்பலுக்கு நாலு பேர், எழுப்பலுக்கு ஒருவர். பார்வைப் பிடி ஒரே இடத்தில் வருகிறது. எல்லாருக்கும் நன்றி.

வேர்ச்சொல், வியாழன் மாலை:

எழுப்பல்தான் சரி என்பதைப் பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன். வீளை என்று போட்டீர்களா, விசில் என்றா?

வரியெழுத்தன், வியாழன் மாலை:

விசில், ஐயா.