புதுப்பிப்பு: எபிடியூரல் ஊசிக்கான அழுத்தமானியைச் சோதித்துப் பார்த்தோம்

எபிடியூரல் ஊசி என்பது தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறைக்கு வெளியே இருக்கும் இடைவெளியில் மருந்து செலுத்தும் ஊசி. அதன் முனை எங்கே நிற்கிறது என்பதை அழுத்தத்தை அளந்து காட்டும் கருவியைச் சோதிக்கப்போவதாக முன்பு எழுதியிருந்தேன். பயிற்சிக்கான முதுகெலும்பு மாதிரியில் சோதனை முடிந்தது; நோயாளிகளுக்கு இன்னும் பயன்படுத்தவில்லை.

வழக்கமான முறையில் எல்லாம் கட்டைவிரலின் உணர்வுதான். அந்த இடைவெளிக்குச் சற்று முன்னால் இருக்கும் மஞ்சள் தசைநாருக்குள் முனை இருக்கும்வரை சிரிஞ்சின் தண்டு முரண்டுபிடிக்கும். தாண்டியதும் சட்டென்று வழிவிடும். ஆனால் தசைநார்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியும் அதேபோல் வழிவிட்டு ஏமாற்றும். கருவியின் திரையில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: போலி இடைவெளியில் அழுத்தக் கோடு இறங்கி, மருந்து நுழைய நுழைய மீண்டும் ஏறியது, சரியான இடத்திலோ தாழ்ந்தபடியே நின்றது. இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. கற்றுக்கொள்ளும் இளம் மருத்துவர்களுக்கு இது பெரிய துணை.

எக்ஸ்-ரே இனி தேவையில்லையா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தேவை. முதுகுவலிக்கு ஸ்டீராய்டு செலுத்தும்போது மருந்து எந்தப் பக்கம் பரவுகிறது, ரத்தக்குழாய்க்குள் போகிறதா என்பதைச் சாயம் செலுத்தி எடுக்கும் படம்தான் காட்டும். ஊசி தவறித் தண்டுவட உறையில் துளை விழுந்து வரும் தலைவலி குறையுமா என்பதை நோயாளிகளிடம் சோதித்த பிறகே சொல்வேன். நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பித்திருக்கிறோம்.