கேக் நடுவில் குழி விழுகிறது, அந்தக் குழியை ரோசி தின்றுவிட்டாள்: தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கந்தப்பளை அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று கேக், மற்றது நாய். எங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டதால் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் நுவரெலியா மலைப்பக்கம் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். பிள்ளை மடுவத்தில், அதாவது தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், வேலை. வீட்டில் நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், மாமா, அப்புறம் ரோசி. ரோசிக்கு ஒன்பது வயது இருக்கும். தவிட்டு நிறம், இடது காது மட்டும் எப்போதும் மடிந்தே இருக்கும். மாமா ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் ஒரு மழை நாளில் கொழுந்து லொறிக்குக் கீழே குட்டியாகக் கிடந்தவளைத் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவர் போகும் இடமெல்லாம் அவள். காலையில் ரொட்டி சுட்டால் முதல் ரொட்டியின் ஓரம் அவளுக்குத்தான்.

வத்தளையில் இருக்கும் என் அக்கா புது ஒவன் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். கூடவே அவருடைய பட்டர் கேக் கணக்கும் வந்தது. மாஜரின் 250 கிராம், சீனி 250, கோதுமை மா 250, முட்டை ஐந்து, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, கொஞ்சம் வனிலா, அதோடு 100 கிராம் பிளம்ஸ், அதாவது காய்ந்த திராட்சை. அக்கா வீட்டில் அந்தக் கேக் பஞ்சு மாதிரி வரும். எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன். அதே ஒவன், அதே கணக்கு, 180 பாகை. இங்கே மூன்று தடவை செய்தேன், மூன்று தடவையும் ஒரே கதை. முதல் இருபது நிமிடம் தட்டுக்கு மேலே எழும்பி வரும். பிள்ளைகள் கண்ணாடிக்குள் பார்த்துக் கை தட்டுவார்கள். அப்புறம் நடுவில் ஒரு சின்ன நடுக்கம், பெருமூச்சு விட்ட மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடும். வெட்டினால் ஓரம் வெந்திருக்கும், நடுவில் களி.

மூன்றாவது தடவை செய்தது மகளின் பிறந்தநாளுக்கு. வெந்த ஓரத்தை வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். முட்டையும் மாஜரினும் போட்டதை எறிய மாமாவுக்கு மனம் வரவில்லை. நடுவில் இருந்ததை அப்படியே ரோசியின் தட்டில் போட்டுவிட்டார். பிளம்ஸ் முக்கால்வாசி அந்தக் களியில்தான் இறங்கிக் கிடந்தது.

விடிய நாலு மணிக்கு இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) ஓங்கரிக்கிற சத்தம். டோர்ச் அடித்துப் பார்த்தால் வாந்தி. பிளம்ஸ் தண்ணீர் குடித்து உப்பி, முழு முழுத் திராட்சையாகவே கிடந்தது. ஒன்றைக்கூட அவள் மென்றிருக்கவில்லை. காலையில் மாமா நீட்டிய ரொட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்பது வருடத்தில் அவள் ரொட்டி வேண்டாம் என்றது அன்றுதான். உடனே ஆட்டோ பிடித்து நுவரெலியாவுக்குக் கொண்டுபோனோம்.

பிளம்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மிருக வைத்தியரின் முகம் மாறியது. சிறுநீரகத்தைத் தாக்கும் என்றார். இரத்தம் எடுத்தார், சேலைன் ஏற்றினார், காலையும் மாலையும் கொண்டுவரச் சொன்னார். அவள் எவ்வளவு சிறுநீர் போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். இன்று இரண்டாவது நாள்.

மாமா நேற்றிலிருந்து சரியாகச் சோறு சாப்பிடவில்லை. "நான்தானே போட்டேன்" என்று அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். "ஒவ்வொரு நத்தாருக்கும் பக்கத்து வீட்டுப் பிளம்ஸ் போட்ட ரிச் கேக்கில் ஒரு துண்டு அவளுக்குக் கொடுத்தோமே, அப்போது ஒன்றும் ஆகவில்லையே, இப்போது ஏன்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவருக்கு வாசித்துக் காட்டுகிறேன். கேக் ஏன் இறங்குகிறது என்பதையும் சொல்லுங்கள். அது இறங்காமல் இருந்திருந்தால் ரோசியின் தட்டுக்கே போயிருக்காது.

வெலிமடை ராணி எழுதியது:

ஐயோ அக்கா, வாசிக்கவே நெஞ்சு பதறுகிறது. எங்கள் ஊரில் நாய் எதையாவது தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைப்பார்கள். வயிற்றில் மிச்சம் இருந்தால் வந்துவிடும். கொடுத்துப் பாருங்கள். ரோசிக்காக மன்றாடுகிறேன்.

பேராதனை மாணவி எழுதியது:

ராணி அக்கா, நல்ல மனதோடு சொன்னீர்கள் என்று தெரியும். ஆனால் உப்புத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பு இரத்தத்தில் ஏறினால் மூளை பாதிக்கப்பட்டு வலிப்பு வரும். சில நாய்கள் தின்ற பொருளைவிட அந்த உப்பினாலேயே இறந்திருக்கின்றன. வாந்தி எடுக்க வைப்பதென்றால் தின்று ஓரிரண்டு மணி நேரத்துக்குள், மிருக வைத்தியரின் கையால், மருந்து கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

கந்தப்பளை அக்கா, நான் பேராதனையில் மிருக வைத்தியம் இறுதி வருடம் படிக்கிறேன். நீங்கள் காத்திருக்காமல் கொண்டுபோனது பெரிய விஷயம். அவள் தானாகவே வாந்தி எடுத்ததும் நல்லது, உள்ளே போனதில் ஒரு பகுதி வெளியே வந்துவிட்டது. சேலைன் சிறுநீரகத்தைக் கழுவி ஓட வைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: முதல் நாள் இரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் நிம்மதியாகி நிறுத்திவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு 24 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள்தான் வெளியே தெரியும். ஆகவே மூன்றாவது நாள் கிரியற்றினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் இரத்தத்தில் ஏறுகிற கழிவு) மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீர் குறைந்தால், அல்லது நின்றால், அந்த நிமிடமே போங்கள். அங்கே முடியாவிட்டால் பேராதனை மிருக வைத்திய போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள்.

மாமாவின் கேள்விக்கு வருகிறேன். திராட்சையில் எது நாய்க்கு நஞ்சாகிறது என்று நீண்ட காலம் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு நாய் கைநிறையத் தின்றும் ஓடித் திரியும், இன்னொன்று கொஞ்சம் தின்று சாகும். 2021இல் அமெரிக்க மிருக வைத்தியர்கள் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள். வீட்டிலே பிள்ளைகளுக்குச் செய்த விளையாட்டு மாவைத் தின்ற நாய் ஒன்றுக்கும் இதே மாதிரி சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அந்த மாவில் கிரீம் ஒஃப் டார்டர் போட்டிருந்தார்கள். அது தாத்தாரிக் அமிலத்தின் உப்பு. அதே அமிலம் திராட்சையிலும் இருக்கிறது, அதுவும் இனத்துக்கு இனம், பழுத்த பதத்துக்குத் தக்கபடி கூடிக் குறையும். போன வருடத்துப் பிளம்ஸில் குறைவாக இருந்திருக்கலாம், இந்தத் தடவை வாங்கியதில் கூடுதலாக இருந்திருக்கலாம். துண்டு சின்னதா பெரியதா என்பதும் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கொடுத்தால் பாதகமில்லை என்று எந்த வைத்தியரும் அளவு சொல்வதில்லை. மாமா அன்பாகப் போட்டார், இது தெரிந்திருக்க அவருக்கு வழியே இல்லை. தயவுசெய்து இந்த வரியை இரண்டு தடவை வாசித்துக் காட்டுங்கள்.

இன்னொன்றையும் எல்லோரும் கேளுங்கள். அந்த அமிலம் நிறைய இருக்கும் இன்னொரு பொருள் நம் அடுப்படியிலேயே இருக்கிறது: புளி. புளி தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மிச்சமான ரசச் சோறு, புளிக்குழம்புச் சோறு நாய்க்கு வைக்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை விட்டுவிடுங்கள், அதில் வெங்காயமும் இருக்கும், அதுவும் கெடுதல். அக்கா, நீங்கள் பிள்ளை மடுவத்தில் விளையாட்டு மா செய்கிறவர் என்றால் கிரீம் ஒஃப் டார்டர் போட்டதை ரோசிக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

பண்டாரவளைத் தம்பி எழுதியது:

அக்கா, ரோசி தேறிவிடுவாள் என்று நம்புகிறேன். நாயைப் பற்றித் தங்கச்சி சொல்லிவிட்டார், நான் கேக்கைச் சொல்கிறேன். கொழும்பில் ஒரு பேக்கரியில் ஏழு வருடம் வேலை செய்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். வந்த புதிதில் எனக்கும் கேக் எல்லாம் இப்படித்தான் உட்கார்ந்தது.

உங்கள் கையில் பிழை இல்லை, உயரம்தான் காரணம். வத்தளை கடற்கரை ஓரம். நுவரெலியா 1,868 மீற்றர், கந்தப்பளையும் கிட்டத்தட்ட அந்த உயரம்தான். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். மேலிருந்து அமுக்கும் காற்று குறைவு என்பதால் பேக்கிங் பவுடர் விடுகிற வாயு வேகமாகப் பெருத்து மாவைத் தூக்கிவிடும். மா வெந்து இறுகுவதற்கு முன்னமே குமிழி உடைந்துவிடும். நீங்கள் சொன்ன அந்தப் பெருமூச்சு அதுதான். தண்ணீரும் உங்கள் பக்கம் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால் ஈரம் சீக்கிரம் ஆவியாகும், மீதி இருக்கிற மாவில் சீனியின் பங்கு கூடும். சீனி கூடினால் கேக் இறுக நேரமாகும்.

ஆகவே இரண்டு தேக்கரண்டி பேக்கிங் பவுடரை ஒன்றரையாக்குங்கள். சீனியில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிடுங்கள். பால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி சேருங்கள். ஒவனை 190இல் வையுங்கள், சீக்கிரம் இறுகட்டும். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்கவே கூடாது. உங்கள் குளிருக்கு இன்னொன்றும் உண்டு: மாஜரின் கல் மாதிரி இருக்கும், முட்டையும் சில்லென்று இருக்கும். அப்படியே அடித்தால் திரிந்துபோகும். முட்டையை ஓட்டோடு இளஞ்சூட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுங்கள். பிளம்ஸை வேறே யாருக்கும் கொடுக்கிற கேக்கில் போட்டால், கொஞ்சம் மாவில் புரட்டிப் போடுங்கள், அடியில் இறங்குவது குறையும்.

நாய் வளர்க்கிற எல்லோருக்கும் ஒரு விஷயம். இரண்டு வருடத்துக்கு முன் மீன் பணிசுக்கு மா பிசைந்து, குளிரில் எழும்பாது என்று இரவில் அடுப்புத் திண்ணையில் வைத்துவிட்டுப் படுத்தேன். எங்கள் டைகரும் சூட்டுக்காக அங்கேதான் படுப்பான். விடிய எழுந்தால் சட்டி நக்கிப் பளபளவென்று கிடக்கிறது. அவன் வயிறு மத்தளம் மாதிரி. எழுந்து நிற்கப் பார்த்தான், பின்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. வைத்தியர் சொன்னார், நாயின் வயிற்றுச் சூட்டில் ஈஸ்ட் தொடர்ந்து வேலை செய்யும், மா உள்ளேயே பெருக்கும், அதோடு சாராயச் சத்தும் ஊறி இரத்தத்தில் கலக்கும் என்று. ஓர் இரவு முழுவதும் அங்கேயே வைத்துப் பார்த்துத்தான் பிழைக்க வைத்தார்கள். இப்போது மா சட்டியை அணைத்த ஒவனுக்குள் வைத்துக் கதவை மூடிவிடுகிறேன். அங்கே காற்றும் படாது, நன்றாகவே எழும்புகிறது.

கந்தப்பளை அக்கா எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். ராணி, உப்பு கொடுக்கவில்லை, ஆனால் உங்கள் மன்றாட்டுக்கு நன்றி. தங்கச்சி, நீங்கள் சொன்னபடியே மூன்றாவது நாள் இரத்தம் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்டோம். வைத்தியரும் அதைத்தான் செய்வதாக இருந்தாராம். கிரியற்றினின் கொஞ்சம் ஏறியிருந்தது. இன்னும் இரண்டு நாள் சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாவது நாள் இறங்கிவிட்டது. சிறுநீர் நிற்கவில்லை. இரவில் அவள் வெளியே போகும்போதெல்லாம் மாமா டோர்ச்சோடு பின்னாலேயே போய், வந்து மணியைச் சொல்வார், மகள் கொப்பியில் எழுதிக்கொள்வாள். அந்தக் கொப்பியை வைத்தியரிடம் காட்டினோம், பக்கம் பக்கமாக வாசித்துப் பார்த்தார்.

உங்கள் பதிலை மாமாவுக்கு வாசித்தேன். அந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். ஒன்றும் சொல்லவில்லை, எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்து சோறு போடச் சொன்னார். புளியைப் பற்றி வாசித்ததும் லயம் முழுவதும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எங்கள் வரிசையில் ஐந்து நாய்கள் இருக்கின்றன, எல்லா வீட்டிலும் ரசச் சோறுதான் வைத்திருக்கிறார்கள்.

தம்பி, ஞாயிற்றுக்கிழமை கேக் செய்தேன். பிளம்ஸ் இல்லாமல், நீங்கள் சொன்ன அளவிலேயே. முட்டையைச் சூட்டுத் தண்ணீரில் போட்டதும் வித்தியாசம் தெரிந்தது, அடிக்க அடிக்க வெள்ளையாகப் பொங்கி வந்தது. இருபதாவது நிமிடம் நானும் பிள்ளைகளும் மூச்சுப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தோம். இறங்கவில்லை. மேலே ஒரு வெடிப்பு விழுந்தது, அவ்வளவுதான். வெட்டினால் நடுவிலும் ஓரத்திலும் ஒரே மஞ்சள்.

கேக் எங்களுக்குத்தான். ரோசிக்கு அவித்த பூசணிக்காயும் குரக்கன் மாவும் ஒரு முட்டையும் பிசைந்து, உப்பும் சீனியும் இல்லாமல், அதே ஒவனில் சின்ன வட்டங்களாகச் சுட்டேன். மாமா ஒன்றை உடைத்துத் தான் ஒரு பாதி தின்று பார்த்துவிட்டு மறுபாதியை நீட்டினார். மோந்து பார்த்தாள். மடிந்த காது ஒரு தடவை ஆடியது. வாங்கிக்கொண்டு இஸ்தோப்பில் வெயில் விழுகிற மூலைக்குப் போய்ப் படுத்து, இரண்டு முன்னங்காலாலும் பிடித்துக்கொண்டு மென்றாள்.

தம்பி, அந்த வெடிப்பு வராமல் இருக்கச் சூட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா, பாலைக் கூட்ட வேண்டுமா? மகன் பிறந்தநாள் அடுத்த மாதம் வருகிறது.