டெர்ரி பிராட்செட் 60 பக்கம் தாண்ட முடியல, எங்க ஆரம்பிக்கணும்?

வியாசை_பையன்

எல்லாருக்கும் வணக்கம். பாரிமுனைல ஒரு பேப்பர் கடைல பில்லிங் பாக்குறேன், வியாசர்பாடி ஜீவால ஏறி பீச்ல எறங்குற வரைக்கும் உள்ள நேரம்தான் நான் படிக்கிற நேரம். தமிழ்ல நெறைய படிச்சிருக்கேன், இங்லீஷ் இப்போ ரெண்டு வருஷமாத்தான். கூட வேல பாக்குற அண்ணன் ஒருத்தர் டெர்ரி பிராட்செட்னு ஒரு இங்லீஷ் எழுத்தாளரோட டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசைல முதல் புக்கு, தி கலர் ஆஃப் மேஜிக், கொடுத்தாரு. தட்டையான உலகம், அத தாங்குறது நாலு யானை, அந்த யானைங்க நிக்கிறது ஒரு பெரிய ஆமை முதுகுல, அந்த ஆமை வானத்துல நீந்திக்கினு போவுது. கேக்கும்போதே ஆசையா இருந்துச்சு. ஆனா 60 பக்கம் போயும் எனக்கு ஒட்டவே இல்ல, ஜோக் எங்க இருக்குன்னே தெரியல, யாரையோ கிண்டல் பண்றாருன்னு மட்டும் புரியுது. உலகமே கொண்டாடுற ஆளு, அதனால விடவும் மனசில்ல. வேற புக்குல ஆரம்பிக்கலாமா? இந்த மாதிரி கோணலான உலகம், சிரிப்பு, ரெண்டும் கலந்தது தமிழ்ல இருக்கா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_புத்தகம்_45

தம்பி, தப்பு உன் மேல இல்ல, அந்த புக்கும் மோசமில்ல. வரிசைதான் தப்பு. கலர் ஆஃப் மேஜிக் 1983ல வந்தது, அதுல அவரு கிண்டல் பண்றது அதுக்கு முன்னாடி வந்த வாளும் மந்திரமும் கதைங்கள. அதெல்லாம் படிச்சு சலிச்சவனுக்குத்தான் அது குபீர்னு சிரிப்பு வரும். படிக்காதவன் தெரியாத வீட்டு கல்யாணத்துல உக்காந்த மாதிரிதான் இருப்பான். டிஸ்க்வேர்ல்ட் மொத்தம் 41 நாவல், கடைசி புக்கு அவரு எறந்த 2015லதான் வந்துச்சு. இத தொடர்கதை மாதிரி ஒண்ணுலேந்து படிக்கணும்னு அவசியமே இல்ல. ஊரு ஒண்ணுதான், ஆனா போலீஸ்காரங்க கதை தனி, சூனியக்காரிங்க கதை தனி, மரணமே ஒரு ஆளா வர்ற கதை தனி.

நீ 1987ல வந்த மார்ட் எடு. மரணம் ஒரு பையன வேலைக்கு சேத்துக்கறான், அவ்ளோதான் கதை. கறுப்பு அங்கி, அருவா, எலும்புக்கூடு, எல்லாம் இருக்கு, ஆனா மரணத்தோட குதிரை பேரு பிங்கி. மரணத்துக்கு பூனைன்னா உயிரு, குழம்பு சாப்பாடுன்னா விரும்பி சாப்புடுவான். அந்த பையன் போன உடனே உயிர எடுக்கற வித்தை கத்துக்கல, லாயத்துல சாணி அள்ளுறான். எந்த பட்டறைல, எந்த மெக்கானிக் ஷெட்டுல சேந்தாலும் மொத நாளு அதானே நமக்கும். அங்கதான் எனக்கு அந்த உலகம் ஒட்டுச்சு. அடிக்குறிப்ப மட்டும் தாண்டிப் போவாத, பாதி சுகம் அதுலதான் இருக்கு.

தண்டையார்பேட்டை_அக்கா

மார்ட் சரிதான், ஆனா நான் போலீஸ் வரிசைலதான் உள்ள போனேன், அதான் நம்ம ஏரியா ஆளுங்களுக்கு சரிப்படும்னு அடிச்சு சொல்லுவேன். மொதல்ல 1989ல வந்த கார்ட்ஸ்! கார்ட்ஸ்!, அப்பால 1993ல வந்த மென் அட் ஆர்ம்ஸ். ஆங்க்-மார்போர்க்னு ஒரு ஊரு, அங்க திருடங்களுக்கே சங்கம் உண்டு, வருஷத்துக்கு இவ்ளோதான் திருடலாம்னு கணக்கு உண்டு, பறிகொடுத்தவனுக்கு ரசீது குடுப்பாங்க. ஊரு நடுவுல ஓடுற ஆறு, ஆறுன்னு பேருதான், மேல நடந்து போவலாம்ன்ற அளவுக்கு கெட்டியா கெடக்கும். ஓட்டேரி நாலா பக்கமா தெனம் நடந்தவ நான், அத படிக்கும்போது எனக்கு அது கற்பனை ஊராவே தெரில.

அதுல வைம்ஸ்னு ஒரு கேப்டன், மாசம் 38 டாலர் சம்பளம். அவரு மனசுல ஒரு கணக்கு போடுறாரு. நல்ல பூட்ஸ் 50 டாலர், அத ஒருக்கா வாங்குனா வருஷக்கணக்கா ஒழைக்கும். மட்டமான பூட்ஸ் 10 டாலர், ஒரு மழைக்காலம் ரெண்டு மழைக்காலம் தாங்கும், அப்பால தண்ணி உள்ள வரும். காசு இருக்கறவன் 50 போட்டுட்டு பத்து வருஷம் கால் நனையாம நடக்கறான். இல்லாதவன் அதே பத்து வருஷத்துல 100 டாலர் செலவு பண்ணியும் ஈரக்காலோடவே கீறான்.

இத படிச்சதும் நான் புக்க மூடி வெச்சிட்டேன். எங்கப்பா ஹார்பர்ல மூட்டை தூக்குனவரு. அவரு ரப்பர் செருப்போட வாரு அடிக்கடி துளையிலேந்து பிச்சிக்கினு வந்துடும், அடில ஒரு ஊக்கு குத்தி வெப்பாரு. அந்த ஊக்கு தேஞ்சு தேஞ்சு ரோட்டுல ஒரசி வெள்ளையா மின்னும், மழைல கணேசபுரம் சப்வே தண்ணில நடந்துட்டு வந்தா அதே எடத்துல துரு ஏறி கால்ல கறை புடிச்சிருக்கும். வருஷத்துக்கு மூணு ஜோடி வாங்குவாரு. நல்ல லெதர் செருப்பு ஒண்ணு வாங்க அவரு கைல மொத்தமா காசு சேந்ததே இல்ல. டிராகன் பறக்குற ஊருல ஒக்காந்துக்கினு எவரோ ஒரு இங்லீஷ்காரரு எங்கப்பா செருப்ப பத்தி எழுதி வெச்சிருக்காரு. அந்த வைம்ஸ், செருப்பு தேஞ்சு போனதால கால்ல படுற கல்ல வெச்சே எந்த தெருன்னு சொல்லிடுவாரு. அதுவும் எங்கப்பாவுக்கு தெரியும்.

அதனால தம்பி, சிரிப்பு வரலன்னு கவலைப்படாத. இந்த புக்குங்கள்ல சிரிப்பு பின்னால வரும். அந்த ஊரு ஆளுங்க அவங்க பொழப்ப எவ்ளோ சீரியஸா பாக்கறாங்கன்னு மொதல்ல பாரு.

ராயபுரம்_ரீடர்

அக்கா சொன்னது அப்படியே உண்மை. என் பங்குக்கு ஒண்ணு சேக்குறேன், ஜாஸ்பர் ஃபோர்டுன்னு இன்னொரு எழுத்தாளர். 2001ல வந்த தி ஐர் அஃபேர். கதை நடக்கறது வேற ஒரு 1985ல. 1853ல ஆரம்பிச்ச கிரிமியா போர் அங்க இன்னும் முடியல, வேல்ஸ் தனி நாடு, அழிஞ்சுபோன டோடோ பறவைய ஜனங்க நாய்க்குட்டி மாதிரி வீட்ல வளக்கறாங்க, கதாநாயகியோட டோடோ பேரு பிக்விக். காசு போட்டா ஷேக்ஸ்பியர் வசனம் பேசுற மெஷின் தெருவுல நிக்கிது. இலக்கியக் குத்தத்த விசாரிக்கறதுக்குன்னே போலீஸ்ல ஒரு பிரிவு. வில்லன் ஒரு நாவலோட கையெழுத்துப் பிரதிக்குள்ள பூந்து அந்த நாவலோட கதாநாயகியவே கடத்திடறான், உடனே வெளில இருக்குற எல்லா காப்பியிலயும் கதை நின்னுபோவுது. அந்த நாவல் சார்லட் பிராண்டியோட ஜேன் ஐர், அந்தக் கதை கொஞ்சமாச்சும் தெரிஞ்சிருக்கணும், தமிழ்ல சுருக்கம் கெடைச்சா கூட போதும்.

எனக்கு இது நெஞ்சுல தெச்சதுக்கு ஒரு காரணம் இருக்கு. அதே 1985 மே மாசம்தான் நம்ம மூர் மார்க்கெட் எரிஞ்சுது. எங்க மாமா அங்க பழைய புக்கு வாங்கப் போறவரு, மறுநாள் போயி சாம்பல்ல நின்னதா இன்னிக்கும் சொல்லுவாரு. புக்குக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரே தூக்கம் கெட்டு எழுந்துக்கற ஒரு 1985 எங்கியோ இருக்குன்னு படிக்கும்போது, எனக்கு சிரிச்சுக்கினே கண்ணு கலங்கிடுச்சு.

தமிழ்ல கேட்டியே, புதுமைப்பித்தனோட கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும் படி. நீ வேல பாக்குற எடத்துலயேதான் ஆரம்பிக்குது, பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுற முக்கு. கடவுள் நேர்ல வந்து நிக்கிறாரு, பிள்ளை அவரு கூட காபி குடிக்கறாரு, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா 25 ரூபா வாங்கிக்கறாரு. பூலோகத்துக்கு வந்தா பூலோக நடப்புப்படிதான் இருக்கணும்னு கடவுளுக்கே கண்டிஷன்.

பழைய_புத்தகம்_45

ரீடர், புதுமைப்பித்தன் கதை எனக்கும் உயிரு, ஆனா அது வேற உலகம் இல்லியே, நம்ம மெட்ராஸ்தானே? கோணல் உலகம்னா வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதைய சொல்லலாம். ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு கொள்ளிக்கட்டைய தண்ணில வெச்சு பாக்கறாங்க, சுர்ருன்னதும் இன்னும் முழிச்சிருக்குன்னு பயந்து ஓடறாங்க, பூசணிக்காய குதிரை முட்டைன்னு காசு குடுத்து வாங்கறாங்க. சீடங்க ஒருத்தர் கூட இத வேடிக்கையா நெனைக்க மாட்டாங்க.

ராயபுரம்_ரீடர்

ஒத்துக்க மாட்டேன் அண்ணா. கடவுள் காபி குடிக்கிற மெட்ராஸ் நம்ம மெட்ராஸ் இல்ல, அது பக்கத்துல இருக்குற இன்னொண்ணு. பரமார்த்த குரு சரி, ஆனா அதுல அவங்கள பாத்து நாம சிரிக்கிறோம். புதுமைப்பித்தன்ல பிள்ளை பக்கத்துல நின்னு சிரிக்கிறோம். பிராட்செட்டும் அந்தப் பக்கம்தான்.

வியாசை_பையன்

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா, உங்க அப்பா செருப்பு விஷயம் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் தோணல. மார்ட் மொபைல்ல எறக்கி நேத்து ஆரம்பிச்சேன், வண்ணாரப்பேட்டை ஸ்டேஷன் தாண்டறதுக்குள்ளயே சிரிச்சிட்டேன். ஒரு சந்தேகம், மரணம் பேசறது மட்டும் ஏன் எல்லாம் பெரிய எழுத்துல இருக்கு? தமிழ்ல பெரிய எழுத்து கெடையாதே, இத தமிழ்ல எப்டி கொண்டு வர்றது?

தண்டையார்பேட்டை_அக்கா

நல்ல கேள்வி பா. மத்தவன் குரல் காது வழியா போவும், மரணத்தோட குரல் நேரா மண்டைக்குள்ள கேக்கும், அதுக்குத்தான் அந்த எழுத்து. தமிழ்ல பண்ணா நான் ஊரு ஜனங்க எல்லாரையும் நம்ம பாஷைல பேச வுட்டுட்டு, மரணத்த மட்டும் சுத்தமான எழுத்துத் தமிழ்ல பேச வெப்பேன். காசிமேட்டுல மீன் ஏத்துறவரு ஒருத்தரு "இன்னா சார், டைம் ஆய்ட்ச்சா? வலை இன்னும் பாதி கீது"ன்னு கேக்கறாரு, பதிலுக்கு "ஆகிவிட்டது. வலையை வைத்துவிட்டு வாருங்கள்"னு வருது. எழுத்து பெருசாவ வேணாம், யாரு பேசறதுன்னு தெரிஞ்சிடும். ஆனா மரணம் மரியாதையாத்தான் பேசணும், "வாடா"ன்னு கூப்புட்டா அது வேற ஆளு.

வியாசை_பையன்

அக்கா, அந்த ரெண்டு வரிய தமிழ்ல படிச்சதும் புல்லரிச்சிடுச்சு. ஆரம்பத்துலேந்து ஒரு பக்கம் மட்டும் எழுதிப் பாக்கறேன், ஞாயித்துக்கெழம இங்கயே போடறேன். தப்பு இருந்தா திருத்துங்க.