செத்தவன் மாணவனா, ஊர்க்காரனா?

துப்பறியும் கதை என்றால் கொன்றது யார் என்ற கேள்விதான் என்னை இழுத்துக்கொண்டு போகும். ஆங்கில எழுத்தாளர் சூசன்னா கிரிகரியின் மத்தேயு பார்தலோமியூ நாவல்களில் இன்னொரு கேள்வி அதை முந்திக்கொண்டது. செத்தவன் எந்தப் பக்கத்து ஆள்?

நண்பர் ஒருவர் முதல் நாவலைக் கொடுத்தார். 1996-ல் வந்தது. கதை 1348-ல் கேம்பிரிட்ஜின் மைக்கேல்ஹவுஸ் கல்லூரியில் நடக்கிறது. கல்லூரித் தலைவர் இறந்துபோகிறார். கொள்ளைநோயும் ஊரை நெருங்குகிறது. பார்தலோமியூ அங்கே மருத்துவம் கற்பிப்பவர். அன்றைய படித்த வைத்தியர்கள் சிறுநீர்க் குடுவையையும் கிரக நிலையையும் பார்த்துவிட்டு, கத்தி வேலையை நாவிதர்களிடம் தள்ளிவிடுவார்கள். இவரோ தானே கத்தி எடுக்கிறார். அதனால் சக ஆசிரியர்களுக்கு இவர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம். நோய் வந்த பிறகு இவருக்குத் தெரிந்த எந்த வைத்தியமும் பலிக்காமல் போகும் பக்கங்களை என்னால் வேகமாகப் படிக்க முடியவில்லை.

சரி, அந்தக் கேள்விக்கு வருகிறேன். மாணவர்கள் திருச்சபையின் ஆட்களாகக் கருதப்பட்ட காலம் அது. மாணவன் கொலையே செய்தாலும் ஊர் நீதிமன்றம் அவனைத் தூக்கில் போட முடியாது, திருச்சபையிடம்தான் ஒப்படைக்க வேண்டும். ஒரே தெருவில் இரண்டு சட்டம். ஊர்க்காரர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! பார்தலோமியூவின் தோழரான துறவி மைக்கேல் பின்னால் பல்கலைக்கழகத்தின் பிராக்டர் ஆகிறார், அதாவது மாணவர்களை அடக்கிவைக்கும் அதிகாரி. ஒரு பிணம் கிடைத்தால் அவர் ஒருபக்கம், அரசரின் அதிகாரியான ஷெரிஃப் இன்னொரு பக்கம். துப்பு கிடைக்கத் தாமதமானால் தெருவில் கலவரம்.

இதெல்லாம் நாவலுக்காகக் கூட்டிச் சொன்னது என்றுதான் முதலில் நினைத்தேன். வரலாற்றைத் தேடிப் படித்தால் நிஜம் இதைவிடக் கொடூரம். 1209-ல் ஆக்ஸ்போர்டில் ஒரு பெண் கொல்லப்பட்டாள். பழி விழுந்த மாணவன் ஓடிவிட, அவனோடு தங்கியிருந்தவர்களை ஊரார் தூக்கிலிட்டார்கள். பயந்து சிதறியவர்களில் ஒரு கூட்டம் வந்து சேர்ந்த இடம்தான் கேம்பிரிட்ஜ். அந்தப் பல்கலைக்கழகம் பிறந்ததே இப்படித்தான். 1355-ல் அதே ஆக்ஸ்போர்டில், மதுக்கடையில் மது சரியில்லை என்று தொடங்கிய வாய்த்தகராறில் 63 மாணவர்கள் செத்ததாகக் கணக்கு. அதற்கான பிராயச்சித்தத்தை ஊர் நிர்வாகம் 1825 வரை ஆண்டுதோறும் செய்துகொண்டிருந்தது. 1381-ல் கேம்பிரிட்ஜ் மக்கள் பல்கலைக்கழகத்தின் ஆவணங்களைச் சந்தையில் போட்டுக் கொளுத்தினார்கள்.

மைக்கேல்ஹவுஸும் கற்பனை இல்லை. ஹெர்வி டி ஸ்டான்டன் 1324-ல் நிறுவிய கல்லூரி, 1546-ல் டிரினிட்டி கல்லூரிக்குள் கரைந்துவிட்டது. அந்தக் கல்லூரிக்காரர்கள் வழிபட்ட புனித மைக்கேல் தேவாலயம் டிரினிட்டி தெருவில் இன்றும் நிற்கிறது.

குறையும் உண்டு. பாத்திரங்கள் அதிகம், சில நாவல்களில் முடிச்சு தேவைக்கு மேல் சுற்றுகிறது. ஆனாலும் வரிசையில் இருபதுக்கு மேல் படிக்க இருக்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் தயவுசெய்து நடுவிலிருந்து எடுக்காதீர்கள். முதல் நாவலின் கொள்ளைநோயில் யார் யார் போனார்கள் என்று தெரிந்தால்தான், பின்னால் வரும் கதைகளில் அந்த ஊர் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பது பிடிபடும்.