லகோட்டா கதைகளை குளிர்காலத்துல மட்டும்தான் சொல்லணுமா?

நூலேணி:
வணக்கம் மக்களே. போன வாரம் குடும்பத்தோட சவுத் டகோட்டா போயிருந்தோம், பிளாக் ஹில்ஸ், விண்ட் கேவ் குகை எல்லாம் பாத்துட்டு வர்ற வழியில ஒரு சின்ன சந்தை. அங்க லகோட்டான்ற அமெரிக்க பழங்குடிய சேர்ந்த ஒரு பாட்டி மணி கோத்த காதணி வித்துட்டு இருந்தாங்க. என் பொண்ணு ஸ்கூல்ல இக்டோமின்ற சிலந்தியோட கதை கேட்டிருக்கா, எட்டு வயசு, நேரா போய் "இன்னொரு இக்டோமி கதை சொல்லுங்க"ன்னு கேட்டுட்டா. அவங்க கோவப்படல, சிரிச்சுக்கிட்டே வெயில கைகாட்டி "பனி விழுந்தப்புறம் வாம்மா"ன்னாங்க, அவ்ளோதான். ஆனா விண்ட் கேவ்ல மனுஷங்க பூமிக்குள்ளருந்து அந்த குகை வழியா மேல வந்த கதைய கோடையிலயே சொல்றாங்க. அப்போ இது நெசமான கட்டுப்பாடா, இல்ல சொல்ல இஷ்டமில்லாம சொன்னாங்களா? பொண்ணு ரெண்டு நாளா கேட்டுட்டே இருக்கா.

மலைக்குருவி:
நெசமான கட்டுப்பாடுதாங்க, உங்க பொண்ணுகிட்ட அந்த பாட்டி மறுத்தாங்கன்னு சொல்லாதீங்க, மரியாதையா பதில் சொல்லியிருக்காங்க. லகோட்டால எல்லாத்துக்கும் சேத்து "கதை"ன்னு ஒரே வார்த்தை கிடையாது. இக்டோமி, ஊரையே முழுங்குற ஈயா, இவங்க வர்றதெல்லாம் ஓஹுங்ககாங். அது ராத்திரிக்கு உரியது, குளிர்காலத்துக்கு உரியது. பகல்ல சொன்னா உடம்புல முடி மொளைக்கும்னு பிள்ளைகள பயமுறுத்துவாங்களாம். கோடை முழுக்க வேட்டை, கூடாரத்த பிரிச்சு ஊர் மாத்துறதுன்னு வேலை, பனிக்காலத்துலதான் நீளமான ராத்திரி, எல்லாரும் நெருப்ப சுத்தி ஒரே எடத்துல. தங்களோட கூட்டத்துக்கு, தங்களோட தாத்தா பாட்டிக்கு நெசமா நடந்ததுன்னு அவங்க சொல்றது வேற வகை, அதுக்கு எஹான்னி வொயாகபின்னு பேரு.

குகை கதைய அந்த ரெண்டுல எதுலயும் போட்டு யோசிக்காதீங்க. அது அவங்க எங்கருந்து வந்தாங்கன்றதே. அந்த குகை இருக்கற பிளாக் ஹில்ஸ அரசாங்கம் எடுத்துக்கிட்டதுக்கு நஷ்டஈடு குடுக்கணும்னு 1980ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லியும் அந்த பணத்த இன்னி வரைக்கும் அவங்க தொடல, மண்ணுதான் வேணும்ன்றாங்க. அந்த கதைய கேட்டப்புறம்தான் எனக்கு அது ஏன்னு புரிஞ்சுது.

வடக்குவாசல்:
மலைக்குருவி அக்கா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். லகோட்டாக்காரங்களும் அவங்க உறவுக்காரங்களான டகோட்டாக்காரங்களும் வெறும் வாய்ச்சொல்லா மட்டும் இல்ல, படம் வச்சும் சொல்லுவாங்க. வனியெட்டு வொவாபின்னு ஒண்ணு, ஒரு வருஷம்னா அவங்களுக்கு மொத பனியிலருந்து அடுத்த மொத பனி வரைக்கும், அந்த வருஷத்துக்கு பெரியவங்க கூடி ஒரே ஒரு சம்பவத்த தேர்ந்தெடுப்பாங்க, அத எருமைத்தோல்ல ஒரு படமா வரைவாங்க. லோன் டாக்னு ஒருத்தர் வச்சிருந்தது ரொம்ப பிரபலம், அவர் லகோட்டாவோட உறவுக்கார கூட்டமான யாங்டோனை. தோலோட நடுவுல 1800ம் வருஷத்துல ஆரம்பிச்சு 1871 வரைக்கும் சுருள் சுருளா வெளிய வருது. மொத படம் முப்பது கறுப்பு கோடு, க்ரோன்ற வேற பழங்குடி ஆளுங்க கொன்ன முப்பது பேர். அடுத்தது உடம்பெல்லாம் செவப்பு புள்ளியா ஒரு மனுஷன், அம்மை வந்த வருஷம். 1833 நவம்பர்ல எரிகல் மழை பெஞ்சுதே, அதுக்கு கறுப்பு நிலா, சுத்தி செவப்பு நட்சத்திரம். நெறைய கூட்டத்தோட தோல்லயும் அந்த நட்சத்திரம் விழுந்த வருஷம் இருக்கறதால அத வச்சுத்தான் மத்த வருஷத்தயெல்லாம் ஆராய்ச்சிக்காரங்க கணக்கு போட்டாங்க. படத்த பாத்தா மட்டும் பத்தாது, அத வச்சிருக்கறவர் வாயால சொன்னாத்தான் முழுசு.

புதுவெள்ளம்:
ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. இதெல்லாம் எப்பவோ அச்சுல வந்துடுச்சே, யார் வேணா ஜூலைல படிக்கலாமே, அப்பறம் என்ன கட்டுப்பாடு?

மலைக்குருவி:
நல்ல கேள்விங்க. அச்சுல கொண்டு வந்ததே அவங்க வீட்டு பொண்ணுதான், எல்லா (Ella) டெலோரியான்னு பேரு. லகோட்டாவோட உறவுக்கார கூட்டமான யாங்டன், ஸ்டாண்டிங் ராக்ன்ற ரிசர்வேஷன்ல, அதாவது பழங்குடிகளுக்குன்னு ஒதுக்குன நிலத்துல, லகோட்டாக்காரங்களோட வளந்தவங்க. தன் ஜனங்ககிட்ட கேட்ட 64 கதைய அவங்க மொழியிலயே 1932ல வெளியிட்டாங்க. அத படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துது, வாக்கியம் வாக்கியமா கடைசில ஷ்கேன்னு ஒரு சத்தம் வருது, "அப்படின்னு சொல்றாங்க"ன்னு அர்த்தம். நம்ம பாட்டி "ஒரு ராஜா இருந்தானாம், காட்டுக்கு போனானாம்"னு சொல்லுவாங்கல்ல, அந்த ஆம்தான் அது. நான் பாக்கல, எனக்கு முன்னாடி இருந்தவங்க சொன்னதுன்னு ஒவ்வொரு வாக்கியத்துலயும் ஒத்துக்கறது. இங்கிலீஷ்ல போட்டா அது காணாம போயிடுது.

படிக்கறத யாரும் தடுக்கல. ஆனா 2022 மே மாசம் ஸ்டாண்டிங் ராக் பழங்குடி கவுன்சில், தங்களோட பெரியவங்க பேசுன ரெக்கார்டிங்கெல்லாம் யாருக்கு சொந்தம்ன்ற சண்டையில ஒரு வெளி நிறுவனத்தையே ரிசர்வேஷனுக்குள்ள வரக்கூடாதுன்னு தள்ளி வச்சுச்சு. முன்னாடி அவங்க பிள்ளைகள ஸ்கூல் ஹாஸ்டல்ல போட்டு லகோட்டா மொழி பேசுனதுக்கு அடிச்சாங்க, அடிவாங்கியும் மறக்காம காப்பாத்துனத எப்போ சொல்லலாம், யார் சொல்லலாம்னு அவங்க சொல்றதுல என்ன தப்பு?

நூலேணி:
ரொம்ப நன்றி அக்கா, வடக்குவாசல் அண்ணாவுக்கும். பொண்ணுகிட்ட முடி மொளைக்கற விஷயத்த சொன்னேன், ஓடிப்போய் கண்ணாடில முதுக பாத்துட்டு வந்தா. ஸ்கூல்ல அந்த கதைய மே மாசம் சொன்னாங்களாம்.

வடக்குவாசல்:
பாப்பா சொல்லல, கேக்கத்தான செஞ்சா, பயப்பட வேணாம்னு சொல்லுங்க. அந்த பாட்டி சந்தை போடறது எந்த ஊர்னு ஞாபகம் இருந்தா டிசம்பர்ல ஒருதடவ கூட்டிட்டு போங்க. ரோட்டுல பனி கொட்டும், டயர் பாத்துக்கோங்க.